பூமி பிளந்து ரயிலை விழுங்குமா? நிலநடுக்கத் தொலைக்காட்சிப் படங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிலவியல் கற்பிப்பவன் நான். நிலநடுக்கம் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், அது எங்கே தொடங்கினாலும், கடைசியில் ஏதாவது ஒரு படத்தில் வந்து நிற்கும். பெரும்பாலும் அந்தப் படம் '10.5'. அதைப் பார்த்தவர்களும் அதுபோன்ற படங்களைப் பார்த்தவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

'10.5' என்பது என்ன படம்?

அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சி 2004 மே 2, 3 தேதிகளில் இரண்டு இரவுகளாக ஒளிபரப்பிய குறுந்தொடர். சியாட்டில் நகரில் தொடங்கும் நிலநடுக்கம் மேற்குக் கரையோரமாகத் தெற்கே இறங்கி இறங்கி, கடைசியில் 10.5 என்ற அளவை எட்டி, லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியைக் கண்டத்திலிருந்தே பிய்த்து எடுத்துவிடும். ஆபத்தை முன்கூட்டியே உணரும் விஞ்ஞானி சமந்தா ஹில்லாக கிம் டிலேனியும், அமெரிக்க அதிபராக போ பிரிட்ஜஸும் நடித்தார்கள். 2006ல் இரண்டாம் பாகமும் வந்தது.

10.5 அளவில் ஒரு நிலநடுக்கம் வரவே முடியாதா?

வர முடியாது. இதை இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது.

ஒரு நிலநடுக்கத்தின் அளவு, எவ்வளவு நீள அகலத்துக்குப் பாறை நழுவியது, எவ்வளவு தூரம் நழுவியது என்பதைப் பொறுத்தது. பெரிய எண் வேண்டுமென்றால் நீளமான பிளவுக்கோடு, அதாவது பாறைத் திரள்கள் உரசி நழுவும் கோடு, வேண்டும். கருவிகள் பதிவு செய்தவற்றிலேயே மிகப் பெரியது 1960 மே 22 அன்று சிலி நாட்டில் வந்தது. அதன் அளவு 9.5. அதற்கே சுமார் 1,000 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலடித் தட்டு (பூமியின் மேற்புறம் பிரிந்திருக்கும் பெரும் பாறைப் பலகைகளில் ஒன்று) நழுவ வேண்டியிருந்தது. 10.5 என்றால் அதைப்போல 32 மடங்கு ஆற்றல். அதைத் தாங்குகிற நீளத்தில் ஒரு பிளவுக்கோடு இந்தப் பூமியில் இல்லை. பூமியின் பெரும்பகுதியைச் சுற்றி வளைக்கும் ஒரே பிளவு இருந்தால்தான் 10ஐத் தாண்ட முடியும் என்று அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையம் தெளிவாகவே சொல்கிறது.

கலிஃபோர்னியாவின் சான் ஆண்ட்ரியாஸ் பிளவுக்கோட்டின் நீளம் ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர். ஆனால் அது நெட்டுக்குத்தாக நிற்கிறது. மேலிருந்து பதினைந்து இருபது கிலோமீட்டர் ஆழம் வரைதான் பாறை உடைந்து நழுவும். அதற்குக் கீழே வெப்பத்தால் இளகி மெதுவாக நகர்ந்துவிடும். அதனால் அது முழுவதுமாக நழுவினாலும் 8ஐச் சற்றுத் தாண்டலாம், அவ்வளவுதான். சான் ஃபிரான்சிஸ்கோவை அழித்த 1906ஆம் ஆண்டு நிலநடுக்கம் 7.9.

இந்த எண்களின் கணக்கைப் பலரும் கூட்டல் கணக்காக நினைக்கிறார்கள். 9க்கும் 10க்கும் ஒன்றுதானே வித்தியாசம் என்று ஒரு மாணவர் கேட்டார். ஓர் எண் ஏறினால் ஆற்றல் 32 மடங்காகிறது. இரண்டு எண் ஏறினால் ஆயிரம் மடங்கு. 1989ல் சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியை உலுக்கிய 6.9 நிலநடுக்கத்தோடு 10.5ஐ ஒப்பிட்டால், ஆற்றல் ஏறத்தாழ இரண்டரை லட்சம் மடங்கு.

அது ரிக்டர் அளவுதானே?

பேச்சு வழக்கில் அப்படிச் சொல்கிறோம். சார்லஸ் ரிக்டர் 1935ல் தெற்குக் கலிஃபோர்னியாவின் நிலநடுக்கங்களுக்காக வகுத்த முறை அது. மிகப் பெரிய அதிர்வுகளை அதனால் சரியாக அளக்க முடியவில்லை. அதனால் 1970களின் இறுதியில் ஹிரூ கனமோரியும் தாமஸ் ஹாங்ஸும் வகுத்த வேறொரு முறைதான் இன்று பயன்பாட்டில் இருக்கிறது. பழைய எண்களோடு ஒத்துப்போகும்படியே அதை அமைத்ததால், செய்தித்தாள்களில் ரிக்டர் பெயர் நிலைத்துவிட்டது.

ஓடும் ரயிலைத் துரத்திக்கொண்டு வந்து பூமி பிளந்து விழுங்குகிறதே, அது நடக்குமா?

நடக்காது. இந்த ஒரு காட்சியைப் பற்றித்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள், சின்ன வயதில் பார்த்துவிட்டுப் பல ஆண்டுகள் பயந்ததாகவும் சொல்கிறார்கள்.

தமிழில் நாம் 'பிளவு' என்று சொல்வதே இந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. பிளவு என்றதும் விறகு பிளந்ததுபோல இரண்டாக வாய் திறந்த ஒன்று மனத்தில் வருகிறது. உண்மையில் பிளவுக்கோடு என்பது இரண்டு பாறைத் திரள்கள் ஒன்றையொன்று இறுக நெரித்துக்கொண்டு நிற்கும் இடம். அந்த நெருக்கத்தால் வரும் உராய்வுதான் பல்லாண்டுகளாக அவற்றை நகரவிடாமல் பிடித்து வைக்கிறது. பிடி விடும்போது இரண்டும் உரசிக்கொண்டு நழுவுகின்றன. அதுதான் நிலநடுக்கம். நடுவில் இடைவெளி விழுந்தால் உராய்வே இருக்காது, உராய்வு இல்லாவிட்டால் நிலநடுக்கமும் இருக்காது.

இரண்டு உள்ளங்கைகளையும் அழுத்திச் சேர்த்துக்கொண்டு, ஒன்றை மேலேயும் ஒன்றைக் கீழேயும் தள்ளிப் பாருங்கள். சட்டென்று நழுவும், சருமம் சுடும். ஆனால் கைகளுக்கு இடையே ஒரு காகிதம்கூட நுழையாது. வகுப்பில் நான் இதைத்தான் செய்துகாட்டுகிறேன்.

வெடிப்புகள் உண்டாவதே இல்லை என்று சொல்ல மாட்டேன். மலைச்சரிவு சரியும்போதும், ஆற்றங்கரையில் ஈரமண் குழைந்து பக்கவாட்டில் நகரும்போதும் தரையில் வெடிப்பு விழும், சாலை கிழியும். அவை மேலோட்டமானவை, அடியற்ற பாதாளங்கள் அல்ல. ரயிலைத் துரத்துவதும் பொருந்தாது. பிளவுக்கோட்டில் நழுவல் நொடிக்கு இரண்டு, மூன்று கிலோமீட்டர் வேகத்தில் பாயும். எந்த ரயிலும் அதன் முன்னால் ஓட முடியாது, ஓட்டுநர் திரும்பிப் பார்க்கும் நேரம்கூட இருக்காது.

லாஸ் ஏஞ்சல்ஸ் ஒருநாள் கடலுக்குள் போய்விடும் என்கிறார்களே?

போகாது. சான் ஆண்ட்ரியாஸுக்கு மேற்கே இருக்கும் நிலம் பசிபிக் தட்டின் மேல் இருக்கிறது. அது வடமேற்கு நோக்கி, வட அமெரிக்கத் தட்டை உரசியபடி, ஆண்டுக்கு ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டர் நகர்கிறது. நம் விரல் நகம் வளரும் வேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் அந்தப் பக்கத்தில் இருக்கிறது. இப்படியே போனால் சுமார் ஒன்றரைக் கோடி ஆண்டுகளில் அது சான் ஃபிரான்சிஸ்கோவுக்குப் பக்கத்து ஊராகிவிடும். நிலம் பக்கவாட்டில் நகர்கிறதே தவிர மூழ்கவில்லை.

இந்த நகர்வைக் கண்ணால் காண ஓர் இடம் இருக்கிறது. கலிஃபோர்னியாவின் காரிஸோ சமவெளியில் வாலஸ் ஓடை என்று ஒரு சிற்றோடை. மலையிலிருந்து நேராக இறங்கி வரும் அது, பிளவுக்கோட்டைத் தொட்டதும் வெட்டினாற்போல வலப்பக்கம் திரும்பி, கோட்டை ஒட்டியே 130 மீட்டர் ஓடி, மறுபடி பழைய திசைக்கே திரும்பிச் சமவெளியில் இறங்குகிறது. நேராக ஓடிய ஓடைதான். ஒவ்வொரு பெரிய நிலநடுக்கத்திலும் அதன் கீழ்ப்பாதி சில மீட்டர்கள் நகர்ந்து, சுமார் 3,700 ஆண்டுகளில் இவ்வளவு தூரம் விலகியிருக்கிறது. இதைவிடப் பெரிய திரைக்காட்சி ஒன்று இருக்க முடியும் என்று நான் நம்பவில்லை.

நிலம் பிரிந்து கடல் உள்ளே வருவது பக்கத்திலேயே நடந்திருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியா தீபகற்பம் பெருநிலத்திலிருந்து விலகித்தான் நடுவில் வளைகுடா உண்டானது. அதற்குப் பல லட்சக்கணக்கான ஆண்டுகள் ஆயின. தொடரில் அந்தக் காலம் சில நிமிடங்களாகச் சுருங்கிவிட்டது.

அணுகுண்டு வைத்துப் பிளவை ஒட்டவைக்க முடியுமா?

தொடரின் உச்சக்கட்டமே இதுதான். பிளவுக்கோடு நெடுகக் குண்டுகளைப் புதைத்து, வெப்பத்தால் பாறையை உருக்கி ஒட்டப் பார்ப்பார்கள்.

1971 நவம்பர் 6 அன்று அலாஸ்காவின் ஆம்சிட்கா தீவில், சுமார் 1,800 மீட்டர் ஆழத்தில், ஏறத்தாழ 5 மெகாடன் ஆற்றல் கொண்ட அணுகுண்டை அமெரிக்கா வெடித்தது. அந்நாட்டின் நிலத்தடிச் சோதனைகளிலேயே பெரியது அது. ஏறத்தாழ 7 அளவிலான நிலநடுக்கத்துக்கு நிகராகப் பூமி அதிர்ந்தது. வெடித்த இடத்தில் பாறை உருகியது, சுற்றிலும் இருந்த பாறை நொறுங்கியது. குண்டு செய்வது இதைத்தான். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளமும் பதினைந்து கிலோமீட்டர் ஆழமும் கொண்ட ஒரு பரப்பை உருக்கி ஒட்ட எத்தனை குண்டும் போதாது. ஒட்டினாலும் தட்டுகள் நகர்வதை நிறுத்தப் போவதில்லை. இறுக்கம் சேர்ந்துகொண்டேதான் இருக்கும்.

சமந்தா ஹில்போல ஒரு விஞ்ஞானி நிலநடுக்கத்தை முன்கூட்டியே சொல்ல முடியுமா?

எந்த நாளில், எந்த ஊரில், எந்த அளவில் என்று இன்றுவரை யாராலும் சொல்ல முடியவில்லை. இதை மிகுந்த வருத்தத்தோடுதான் சொல்கிறேன், ஏனென்றால் இதற்காக வாழ்நாளைக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

கலிஃபோர்னியாவில் பார்க்ஃபீல்டு என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே 1857, 1881, 1901, 1922, 1934, 1966 ஆகிய ஆண்டுகளில் ஏறத்தாழ ஒரே அளவில் நிலநடுக்கம் வந்தது. சராசரியாக 22 ஆண்டுக்கு ஒருமுறை. அடுத்தது 1993க்குள் வரும் என்று கணித்து, அந்த ஊரைச் சுற்றிக் கருவிகளைப் பதித்துவிட்டுக் காத்திருந்தார்கள். 1993 கடந்து போயிற்று. 2004 செப்டம்பர் 28 அன்று, இந்தத் தொடர் ஒளிபரப்பாகி ஐந்து மாதங்கள்கூட ஆகாத நிலையில், அது வந்தது. அளவு 6. எச்சரிக்கைக்குப் பயன்படக்கூடிய எந்த முன்னறிகுறியும் அத்தனை கருவிகளிலும் பதிவாகவில்லை.

சீனாவில் 1975 பிப்ரவரியில் ஹாய்செங் நகர மக்களை முன்கூட்டியே வெளியேற்றி ஏராளமான உயிர்களைக் காத்தார்கள். சிறு அதிர்வுகள் அடுத்தடுத்து வந்தது அங்கே உதவியது. அடுத்த ஆண்டு ஜூலை 28 அன்று டாங்ஷான் நகரில் அப்படி எந்த அறிகுறியும் இல்லை. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

இன்று கைகூடியிருப்பது வேறொன்று. நிலநடுக்கம் தொடங்கிய பிறகு, முதலில் வரும் அலை நொடிக்கு ஆறு கிலோமீட்டர் அளவில் பாய்கிறது. கட்டடங்களை உலுக்கும் அலை மூன்றரை கிலோமீட்டர்தான். முதல் அலையைக் கருவி பிடித்த உடனே கைப்பேசிகளுக்குச் செய்தி போகிறது. ஜப்பானில் 2007 முதலும், கலிஃபோர்னியா மாநிலம் முழுவதும் 2019 அக்டோபர் முதலும் பொதுமக்களுக்கு இந்த வசதி இருக்கிறது. கிடைப்பது சில நொடிகள்தான். ஒரு ரயில் வேகம் குறைக்கவும், ஓர் அறுவை சிகிச்சை நிபுணர் கத்தியை எடுத்துவிடவும் அது போதும்.

விஞ்ஞானிகளைக் காட்டும் விதத்திலும் எனக்கு ஒரு குறை உண்டு. படங்களில் அவர்கள் அதிபரின் அறையில் மேசையைத் தட்டுகிறார்கள். லூசி ஜோன்ஸ் என்ற நிலநடுக்கவியலாளர் 1992ல் ஒரு நிலநடுக்கத்துக்குப் பிறகு தொலைக்காட்சியில் பேசினார். தூங்கிப்போன தன் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டே, எது நடந்தது, பின்னதிர்வுக்கான வாய்ப்பு எவ்வளவு என்று நிதானமாக விளக்கினார். தெற்குக் கலிஃபோர்னிய மக்களுக்கு அந்தக் காட்சி இன்றும் நினைவில் இருக்கிறது. அச்சத்தில் இருக்கும் ஊருக்கு எப்படிப்பட்ட குரல் தேவை என்பதை அந்தக் காட்சி எனக்குச் சொன்னது.

சியாட்டிலின் ஸ்பேஸ் நீடில் கோபுரமும் கோல்டன் கேட் பாலமும் விழுமா?

ஸ்பேஸ் நீடிலின் அடித்தளம் மிகக் கனமானது. கோபுரத்தின் எடைமையமே தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. 2001 பிப்ரவரியில் வந்த 6.8 நிலநடுக்கத்தில் அது ஆடியது, நின்றது. கோல்டன் கேட் பாலத்தை 1997 முதல் கட்டம் கட்டமாக வலுப்படுத்தி வருகிறார்கள். இவை விழுவதாகக் காட்டுவதில் எனக்குப் பெரிய மனக்குறை இல்லை. பார்ப்பவர் எந்த ஊர் என்று உடனே அறிய வேண்டும் என்பதற்காகச் செய்வது அது.

அப்படியானால் நிலநடுக்கத்தில் ஆட்கள் உண்மையில் எப்படி இறக்கிறார்கள்?

கட்டடங்களால். இந்தப் படங்கள் சொல்லத் தவறுவது இதைத்தான், என் ஆதங்கமும் இதுதான்.

1989 அக்டோபர் 17 மாலை 5:04 மணி. ஓக்லாந்தில் சைப்ரஸ் என்ற இரண்டடுக்கு மேம்பாலச் சாலையின் மேல்தளம் கீழ்த்தளத்தின் மேல் விழுந்தது. அன்று இறந்த 63 பேரில் 42 பேர் அங்கே இறந்தவர்கள். அதே சாலையின் ஒரு பகுதி கெட்டியான மணலிலும் சரளையிலும் நின்றது, இன்னொரு பகுதி விரிகுடாவின் குழைந்த சேற்று மண்ணில் நின்றது. விழுந்தது சேற்று மண்ணில் நின்ற பகுதி. தூண்களின் இணைப்பில் கம்பிக் கட்டும் போதவில்லை. பூமி எங்கும் வாய் திறக்கவில்லை. மண்ணின் தன்மையும் கம்பியின் எண்ணிக்கையும் யார் வீடு திரும்புவார்கள் என்பதைத் தீர்மானித்தன.

1994 ஜனவரி 17 அதிகாலையில் லாஸ் ஏஞ்சல்ஸின் நார்த்ரிட்ஜில் 6.7. ஒரே ஒரு மூன்று மாடிக் குடியிருப்பில் மட்டும் 16 பேர் இறந்தார்கள். தரைத்தளத்தில் வாகன நிறுத்தத்துக்காகச் சுவர்களைக் குறைத்திருந்த கட்டடம் அது. அந்தத் தளம் நசுங்கியது. 2015ல் அந்த மாநகராட்சி இத்தகைய கட்டடங்களை வலுப்படுத்தியே ஆக வேண்டும் என்று சட்டம் இயற்றியது.

கீழே தூண்கள், நடுவில் கார்கள், மேலே நான்கு மாடி வீடுகள். நம் ஊர் அடுக்குமாடிகளை நினைத்துக்கொள்ளுங்கள். 2001 ஜனவரி 26 அன்று பூஜ் நிலநடுக்கத்தில், இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த அகமதாபாத்தில் சரிந்தவற்றில் பல இப்படிப்பட்ட கட்டடங்கள்தான்.

பொழுதுபோக்குப் படம்தானே? ஏன் இவ்வளவு கறாராகப் பேச வேண்டும்?

கற்பனைக்கு நான் எதிரி இல்லை. நடக்க முடியாத ஒன்றைக் காட்டினாலும் பரவாயில்லை. ஆபத்து எங்கிருந்து வருகிறது என்பதை மாற்றிக் காட்டும்போதுதான் மனம் பொறுக்கவில்லை. பூமி பிளந்து ஆளை விழுங்கும் என்றால் செய்வதற்கு ஒன்றுமே இல்லை, விதி என்று உட்கார்ந்துவிட வேண்டியதுதான். சுவர் விழுந்து ஆள் சாகிறார் என்றால் சுவரைப் பலப்படுத்தலாம், பீரோவைச் சுவரோடு பிணைக்கலாம், ஒப்பந்தக்காரரிடம் கம்பி பற்றிக் கேள்வி கேட்கலாம்.

எனக்கு இது வெறும் பாடம் இல்லை. 2004 டிசம்பர் 26 காலை ஆறரை மணிக்குச் சென்னையில் எங்கள் வீட்டுச் சமையலறைத் தட்டில் எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசி மெல்ல ஒலித்தன. குடத்து நீரில் வட்டம் வட்டமாக அலை எழுந்து அடங்கியது. வாசலுக்கு வந்தோம், பக்கத்து வீட்டாரோடு இரண்டு வார்த்தை பேசினோம், காப்பி போட உள்ளே போய்விட்டோம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிலோமீட்டருக்கு அப்பால் சுமத்ராவில் 9.1 அளவில் கடலடி எழும்பியிருந்தது. தமிழகக் கரையை அலை தொடுவதற்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். நிலவியல் படித்த எனக்கும் அன்று அந்த ஒலி எதையும் சொல்லவில்லை.

பெரிய நிலநடுக்கம் என்றால் சுனாமி கட்டாயம் வருமா?

வராது. கடலடித் தரை மேலேயோ கீழேயோ நகர்ந்தால்தான் அதன் மேலிருக்கும் நீர் எழும்பும். 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு அப்பால் 8.6 அளவில் வந்தபோது சென்னையில் அலுவலகங்களை விட்டு எல்லோரும் தெருவுக்கு ஓடி வந்தோம். பெரிய சுனாமி வரவில்லை. அது பக்கவாட்டு நழுவல். சான் ஆண்ட்ரியாஸும் பக்கவாட்டில் நழுவுவதுதான், பெரும்பகுதி நிலத்தில் இருப்பதும்கூட. அது பெருஞ்சுனாமியைக் கிளப்புவதாகக் காட்டும் படங்களை நம்ப வேண்டாம்.

அந்தத் தொடரில் சரியான விஷயம் ஒன்றுகூட இல்லையா?

உண்டு. யாருக்கும் தெரியாத பிளவு ஒன்று மண்ணுக்கடியில் ஒளிந்திருக்கலாம் என்பது சரி. நார்த்ரிட்ஜில் நழுவிய பிளவு மேலே தலைகாட்டாதது, அதுவரை அறியப்படாதது. மேற்குக் கரையின் வடபகுதியில் பேராபத்து இருக்கிறது என்பதும் சரி. வடக்குக் கலிஃபோர்னியாவிலிருந்து கனடாவின் வான்கூவர் தீவு வரை நீளும் கஸ்கேடியா பகுதியில் 9 அளவிலான நிலநடுக்கம் வரும். முன்பும் வந்திருக்கிறது.

அதைக் கண்டுபிடித்த கதையை யாராவது படமாக்கினால் நான் முதல் ஆளாகப் பார்ப்பேன். வாஷிங்டன் மாநிலத்தில் கோபாலிஸ் ஆற்றங்கரையில் பட்டுப்போன தேவதாரு வகை மரங்கள் சாம்பல் நிறத்தில் நிற்கின்றன. நிலம் திடீரெனத் தாழ்ந்து, உப்புநீர் வேரைத் தொட்டதால் செத்த மரங்கள். வேர்களின் வளையங்களை எண்ணியபோது அவை கடைசியாக வளர்ந்தது 1699ல் என்று தெரிந்தது. பசிபிக்கின் மறுகரையில், ஜப்பானிய ஊர்க் கணக்கர்கள் 1700 ஜனவரியில் நிலம் அதிராமலே கடல் ஏறியதை எழுதி வைத்திருந்தார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்த பிரையன் அட்வாட்டரும் கென்ஜி சடாகேயும் மற்ற ஆய்வாளர்களும் அந்த நாளையே சொல்லிவிட்டார்கள்: 1700 ஜனவரி 26, இரவு ஏறக்குறைய ஒன்பது மணி.

உண்மையை அப்படியே எடுத்தால் படம் சுவாரசியமாக இருக்குமா?

1906 ஏப்ரல் 18 அதிகாலை சான் ஃபிரான்சிஸ்கோவை எடுத்துக்கொள்ளுங்கள். தீயணைப்புத் தலைவர் டென்னிஸ் சல்லிவன் நிலையத்திலேயே தூங்குகிறார். பக்கத்து ஓட்டலின் புகைபோக்கி கூரையைப் பிளந்துகொண்டு விழுகிறது. படுகாயமடைந்த அவர் சில நாட்களில் இறந்துபோகிறார். வீரர்கள் தலைவர் இல்லாமல் வண்டிகளோடு ஓடுகிறார்கள், குழாயைத் திறக்கிறார்கள், தண்ணீர் இல்லை. தரையடிக் குழாய்கள் உடைந்துவிட்டன. தீயைத் தடுக்க வெடி வைத்து வீடுகளைத் தகர்க்கப் போய், பல இடங்களில் வெடியே புதுத் தீயை மூட்டுகிறது. நகரத்தின் பெரும்பகுதியை எரித்தது அந்தத் தீ. இதில் நான் எதையும் சேர்க்கவில்லை.

2008ல் லூசி ஜோன்ஸ் தலைமையில் அறிவியலாளர்களும் பொறியாளர்களும் தெற்கு சான் ஆண்ட்ரியாஸில் 7.8 வந்தால் என்னவாகும் என்று கணித்தார்கள். சுமார் 1,800 உயிரிழப்பு, 1,600 இடங்களில் தீ, 213 பில்லியன் டாலர் சேதம். லாஸ் ஏஞ்சல்ஸுக்கு வெளியிலிருந்து நீர் கொண்டுவரும் கால்வாய்கள் எல்லாமே அந்தப் பிளவுக்கோட்டைக் கடந்துதான் வருகின்றன. 1906ன் வறண்ட குழாய் அங்கே இன்னும் காத்திருக்கிறது.

படங்களில் வாசற்படி நிலைக்குக் கீழே போய் நிற்கிறார்களே?

பழைய மண்சுவர் வீடுகள் சரிந்தபிறகு நிலை மட்டும் நின்றதைப் பார்த்து வந்த வழக்கம் அது. இன்றைய கான்கிரீட் வீட்டில் நிலைக்குத் தனி வலிமை இல்லை, கதவு அடித்து விரல் நசுங்கும். உறுதியான மேசைக்கு அடியில் குனிந்து, தலையையும் கழுத்தையும் மறைத்து, மேசைக் காலைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதிரும்போது படிக்கட்டில் ஓடாதீர்கள். மேசை இல்லையென்றால் கண்ணாடி சன்னலையும் பீரோவையும் விட்டு விலகி, சுவரோரமாகக் குந்தி, கைகளால் பின்னங்கழுத்தை மூடிக்கொள்ளுங்கள். கடலோரத்தில் இருந்து, நிற்க முடியாத அளவுக்கோ நீண்ட நேரமோ அதிர்ந்தால், அதிர்வு அடங்கியவுடன் மேட்டுக்கு நடக்கத் தொடங்குங்கள். அறிவிப்புக்காகக் காத்திருக்க வேண்டாம்.